கதவைத் திறந்த பிறகு

கல்லூரியில் நான் படித்தது இரண்டே வருஷம். கணக்கு, பௌதிகம், ரசாயனம் என்ற மூன்று பாடங்களோடு மல்லுக்கட்டி அந்த இரண்டு வருஷத்தையும் ஓட்டினேன். அந்த மூன்றையும் நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் வாசகர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கே இப்போது சிரிப்புத்தான் வருகிறது.

சேருகிற நாளன்று மனுவைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றேன். அப்பா சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தபடி நின்றிருந்தார். என் முறை வந்தது. உள்ளே இருந்த குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே, “எந்த குரூப்?” என்றார். குரூப் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு முன்னால் நின்ற பையன் சொன்ன பதில் காதில் விழுந்திருந்தது. நானும் அதையே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அரை நிமிஷத்தில் காரியம் முடிந்துவிட்டது. எனக்குப் பின்னால் நின்றவன் என்னைப் பார்த்துச் சொன்னானோ என்னவோ, யார் கண்டது?

எனக்குக் கணக்கு வராது என்பது பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் முதல் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் வரை எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்பார் இல்லை. அந்தக் குமாஸ்தாவின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அன்று ஒரு நாளைக்கு அவர் நானூறு பேரை எழுத வேண்டியிருந்தது. நானூறு பேரின் தலையெழுத்தையும் விசாரிக்க அவருக்கு நேரம் ஏது?

இந்தப் பழங்கதை இப்போது ஏன் ஞாபகத்துக்கு வந்தது என்றால், போன வருஷம் என் அக்காள் பெண் கலிபோர்னியாவிலிருந்து டெலிபோனில் பேசினாள். அவளுக்கு வயது முப்பத்து மூன்று. இங்கே பி.எஸ்ஸி. இரண்டு வருஷம் படித்துவிட்டு, கல்யாணம் குறுக்கிட்டதால் பாதியில் நிறுத்தியவள். பிறகு புருஷனோடு அமெரிக்கா போனாள். குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, வீட்டுக்குப் பக்கத்திலே இருக்கிற ஒரு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறாள்.

“மாமா, சேரப் போன அன்று ஓர் அம்மாள் என்னை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார்கள். எந்தப் பாடம் வேண்டும் என்று கேட்கவில்லை. ‘எதற்காகப் படிக்க வந்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இது வரைக்கும் என்னை யாருமே அப்படிக் கேட்டதில்லை, மாமா” என்றாள்.

நான் பதில் சொல்லாமல் இருந்தேன். ஏன் பதில் சொல்லவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவள் டெலிபோனை வைத்த பிறகு எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. “எந்த குரூப்?” என்று கேட்கிற ஜன்னலுக்கும், “எதற்காக வந்திருக்கிறீர்கள்?” என்று கேட்கிற நாற்காலிக்கும் எவ்வளவு தூரம்? கிடைத்த புத்தகங்களைத் தேடிப் படித்தேன். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்தத் தூரத்தை அவர்களும் சுலபமாகக் கடந்துவிடவில்லை. இன்னும் முழுக்கக் கடந்தபாடும் இல்லை. அந்தச் சரித்திரத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

*

சிகாகோ நகரத்துக்குத் தென்மேற்கே ஜோலியட் என்று ஓர் ஊர். சுண்ணாம்புக்கல் வெட்டுகிற ஊர், இரும்பாலை ஊர், பெரிய சிறைச்சாலை ஒன்றுக்கும் பேர் போன ஊர். 1901-ஆம் வருஷம் அந்த ஊர் உயர்தரப் பள்ளிக்கூடத்தில், படிப்பை முடித்த மாணவர்களுக்கு மேற்கொண்டு இரண்டு வருஷத்துக் கல்லூரிப் பாடங்களை அங்கேயே சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். சேர்ந்தவர்கள் ஆறு பேர். பள்ளிக்கூடத்தின் தலைவர் ஜே. ஸ்டான்லி பிரௌன் என்பவர். அமெரிக்காவில் சர்க்கார் பணத்தில் நடக்கிற இரண்டு வருஷக் கல்லூரிகளில், இன்று வரை நிலைத்து நிற்பவற்றுள் மூத்தது அதுதான்.

பிரௌனுக்கு இந்த யோசனையில் துணை நின்றவர் சிகாகோ சர்வகலாசாலையின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். ஹார்ப்பர் ஓர் அதிசய மனிதர். பத்து வயதில் கல்லூரியில் சேர்ந்து, பதினாலு வயதில் பட்டம் வாங்கியவர். பத்தொன்பது வயது நிறைவதற்குள் யேல் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார். லத்தீன், கிரேக்கம், ஸம்ஸ்கிருதம், காதிக் என்னும் நான்கு பாஷைகளின் முன்னிடைச் சொற்களை ஒப்பிட்டு எழுதிய ஆராய்ச்சி அது. ராக்பெல்லரின் பணத்தைக் கொண்டு சிகாகோ சர்வகலாசாலையைக் கட்டி எழுப்பியவர் அவரே.

இப்படிப்பட்ட மேதாவிக்கு இரண்டு வருஷக் கல்லூரி எதற்கு என்று நமக்குத் தோன்றலாம். அவர் எண்ணத்தில் இரண்டு நோக்கங்கள் இருந்தன. கல்லூரியின் முதல் இரண்டு வருஷத்துப் படிப்பு உண்மையில் பள்ளிக்கூடப் படிப்பின் தொடர்ச்சியே. அதை வெளியிலே விட்டுவிட்டால் சர்வகலாசாலை ஆராய்ச்சியில் கவனம் செலுத்தலாம் என்பது ஒன்று. நாலு வருஷம் படிக்க வசதியோ மனமோ இல்லாத பிள்ளைகள் இரண்டு வருஷத்தோடு கௌரவமாக நிறுத்திக்கொள்ள ஒரு படி வேண்டும் என்பது மற்றொன்று. அதற்கென்று 1900-ல் ஒரு சிறு பட்டத்தையும் சிகாகோவில் கொடுக்கத் தொடங்கினார்.

இந்த இடத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதே கட்டிடம் ஒருவனுக்கு மேலே ஏறுகிற படிக்கட்டு; இன்னொருவனுக்கு இறங்கிப் போகிற படிக்கட்டு. யார் ஏற வேண்டும், யார் இறங்க வேண்டும் என்பதை யார் சொல்வது? ஆறு மாணவர்கள் இருந்தபோது அந்தக் கேள்வி எழவில்லை. ஆறு பேரின் வீடும் வாசலும் பிரௌனுக்குத் தெரிந்திருக்கும். கல்லூரிகள் பெருகிய பிறகுதான் அது பூதாகாரமாக எழுந்தது.

பெருகவும் செய்தன. 1907-ல் கலிபோர்னியா ராஜ்யம் பள்ளிக்கூடங்கள் இப்படி மேல் வகுப்பு நடத்தலாம் என்று சட்டம் செய்தது. 1910-ல் பிரெஸ்னோ என்ற ஊரில் முதல் வகுப்பு தொடங்கியது. திராட்சையும் பருத்தியும் விளைகிற ஊர் அது. பக்கத்தில் வேறு உயர்ந்த கல்விச்சாலை இல்லாத குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

*

அதே சமயத்தில், நாட்டின் மறுகோடியில், பாஸ்டன் நகரத்தில் ஒரு மனிதர் வேறொரு காரியம் செய்துகொண்டிருந்தார். அவர் பெயர் பிராங்க் பார்ஸன்ஸ். இஞ்சினீயராக இருந்தார், உபாத்தியாயராக இருந்தார், வக்கீலாக இருந்தார், மேயர் தேர்தலில் நின்று தோற்றும் பார்த்தார். தமக்கு எது பொருந்தும் என்று ஆயுள் முழுவதும் தேடிய மனிதர், கடைசியில் மற்றவர்களுக்கு எது பொருந்தும் என்று சொல்வதையே தொழிலாகக் கொண்டார். பாஸ்டனுக்குக் கப்பலில் வந்து இறங்கிய இத்தாலியர், யூதர் முதலானவர்களின் பிள்ளைகள், தெருவில் அகப்பட்ட வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்காக 1908 ஜனவரியில் ஓர் ஆலோசனை நிலையம் திறந்தார்.

அவர் முறை மிக எளிது. முதலில் உன்னை நீ தெரிந்துகொள். அடுத்தாற்போல, உலகத்தில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன, அவற்றுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து நிதானமாக யோசி. இவ்வளவுதான். நம் வீட்டுப் பெரியவர்கள் பெண் பார்க்கப் போகும்போது செய்கிற விசாரணையில் பாதி கூட இல்லை. ஆனால் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் அந்தப் பாதி விசாரணையைக் கூட அதற்கு முன்னால் யாரும் முறையாகச் செய்ததில்லை. நிலையத்தைத் திறந்த அதே வருஷம் செப்டம்பரில் பார்ஸன்ஸ் இறந்துபோனார். தொழிலைத் தேர்ந்தெடுப்பது பற்றி அவர் எழுதிய புத்தகம் 1909-ல்தான் வெளிவந்தது. அச்சில் அதை அவர் பார்க்கவில்லை. இன்றைக்குக் கல்லூரிதோறும் உட்கார்ந்திருக்கிற ஆலோசகர்களுக்கெல்லாம் மூல புருஷர் அவர்தான்.

*

இரண்டாம் உலக யுத்தம் முடியும் தறுவாயில் இந்தக் கதை வேகம் பிடிக்கிறது. 1944 ஜூன் 22-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். யுத்தத்திலிருந்து திரும்புகிற சிப்பாய் கல்லூரியில் சேர்ந்தால் வருஷத்துக்கு ஐந்நூறு டாலர் வரை சம்பளத்தைச் சர்க்கார் கட்டும். கைச் செலவுக்கும் பணம் கொடுக்கும். சிப்பாய்கள் எங்கே படிக்கப் போகிறார்கள் என்று நினைத்த பெரிய மனிதர்கள் உண்டு. ஆனால் இருபத்திரண்டு லட்சம் பேர் கல்லூரிகளுக்குப் போனார்கள். 1947-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் யுத்தத்திலிருந்து வந்தவர்கள். மீசை முளைக்காத பையன்களுக்குப் பக்கத்தில், பிள்ளை பெற்ற தகப்பன்மார் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அதே 1947-ல், ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த கமிஷன் தன் அறிக்கையை வெளியிட்டது. தலைவர் ஜார்ஜ் ஸூக் என்ற கல்வியாளர். நாட்டு ஜனங்களில் நூற்றுக்கு நாற்பத்தொன்பது பேருக்காவது பதினாலு வருஷம் படிக்கிற புத்தி இருக்கிறது என்று அந்தக் கமிஷன் சொன்னது. புத்தி பணக்காரன் வீட்டில் மட்டும் பிறப்பதில்லை என்பதைத்தான் இப்படிக் கணக்காகச் சொன்னார்கள். ஆகவே அந்தப் பதினாலு வருஷத்துப் படிப்பும் சம்பளமில்லாமல் கிடைக்க வேண்டும். அதற்காக ஊர்தோறும் கல்லூரி வேண்டும் என்றார்கள். ஜூனியர் காலேஜ் என்றால் சின்னப்பிள்ளைக் கல்லூரி போலத் தோன்றுகிறது. ஊருக்குச் சொந்தமான கல்லூரி என்ற பொருளில் கம்யூனிட்டி காலேஜ் என்று சொல்லலாம் என்றும் அவர்கள்தான் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் பெயர் மெல்ல மெல்ல நிலைத்துவிட்டது.

1960-ல் கலிபோர்னியா இந்த ஏற்பாட்டுக்கு ஒரு முழு வடிவம் கொடுத்தது. பள்ளிக்கூடம் முடிக்கிறவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் பெரிய சர்வகலாசாலைக்குப் போகலாம். முதல் மூன்றில் ஒரு பங்கினர் ராஜ்யக் கல்லூரிகளுக்குப் போகலாம். மற்ற எல்லாருக்கும் ஜூனியர் காலேஜ் திறந்திருக்கும். அங்கே நன்றாகப் படித்தால் இரண்டு வருஷத்துக்குப் பிறகு சர்வகலாசாலைக்கே மாறிப் போகலாம். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! கதவு எல்லாருக்கும் திறந்தாகிவிட்டது.

*

ஆனால் அதே 1960-ல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூக சாஸ்திரப் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். கலிபோர்னியாவில் ஸான் ஹோஸே ஜூனியர் காலேஜில் இருந்து நேரில் பார்த்து எழுதியவர். அந்தக் கட்டுரையின் கருத்தைப் புரிந்துகொள்ள நம் ஊர்த் திருவிழாவுக்குப் போக வேண்டும்.

திருவிழாவில் மூன்று சீட்டு ஆடுகிற கும்பலைப் பார்த்திருப்பீர்கள். பட்டிக்காட்டான் ஒருவன் வந்து கையில் இருந்த பணத்தையெல்லாம் வைத்து இழந்துவிடுகிறான். கும்பல் கம்பி நீட்டிவிடும். ஒருவன் மட்டும் பின்தங்கி, அந்தப் பட்டிக்காட்டானின் தோளில் கைபோட்டு, “போகட்டும், அண்ணாச்சி. எல்லாருக்கும் நடக்கிறதுதான். இதைப் போய் வெளியிலே சொன்னால் உங்களுக்குத்தானே அவமானம்?” என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பான். அவன் வேலையே அதுதான். ஏமாந்தவன் கூச்சல் போடாமல், போலீஸுக்குப் போகாமல், சூடு ஆறி வீடு போய்ச் சேர வேண்டும். அமெரிக்க மோசக்காரர்களிடமும் இந்த வழக்கம் உண்டு. எர்விங் காஃப்மன் என்ற அறிஞர் 1952-ல் இதைப் பற்றி எழுதியிருந்தார்.

கிளார்க் இந்த உவமையைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தார். பெரும்பாலான மாணவர்கள், சர்வகலாசாலைக்கு மாறிப் போகப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு சேருகிறார்கள். போய்ச் சேருகிறவர்கள் அவர்களில் ஒரு பகுதிதான். மற்றவர்களுக்கு என்ன நேருகிறது? யாரும் அவர்களை வெளியே தள்ளவில்லை. சேருவதற்கு முன்னால் ஒரு பரீட்சை. அதில் மார்க்குக் குறைந்தால் மட்டப் பாடம். பிறகு ஆலோசகருடன் பேட்டி. பிறகு தன்னைத் தானே அளந்து பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் ஒரு வகுப்பு. பிறகு, ‘உன் படிப்புப் போதாது’ என்று ஒரு நோட்டீஸ். இத்தனையும் பைலில் சேர்ந்துகொண்டே வரும. கடைசியில், “தம்பி, இஞ்சினீயர் படிப்பைவிட உனக்கு மெக்கானிக் படிப்புப் பொருத்தம்” என்று சொல்லும்போது, அவனே, “ஆமாம் சார்” என்று தலையாட்டிவிடுவான். தோற்றது தன்னால்தான் என்று நம்பியபடி வீட்டுக்குப் போவான்.

ஆலோசகர்கள் கெட்டவர்கள் என்று கிளார்க் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஆசை காட்டிவிட்டு, எல்லாருக்கும் இடம் வைக்காத ஏற்பாட்டில், அந்த ஆறுதல் வேலையை யாராவது செய்தே தீர வேண்டும் என்றார். அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ‘வழிகாட்டுகிறவர்’ என்று நாம் கும்பிடுகிறவரும், ‘உனக்கு இவ்வளவுதான்’ என்று முதுகைத் தடவி அனுப்புகிறவரும் ஒரே நாற்காலியில், ஒரே மாதிரிச் சிரிப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள்! எதிரே இருக்கிற பிள்ளைக்கு எப்படி அடையாளம் தெரியும்?

உண்மையைச் சொல்வதும் ஆலோசகரின் கடமைதானே என்று கேட்கலாம். கணக்கு வராத என்னிடம் யாராவது உண்மையைச் சொல்லியிருந்தால் நன்றியோடு கேட்டிருப்பேனே! நியாயம்தான். ஆனால் அந்த உண்மையை எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்பது முக்கியம். கிளார்க்குக்கு ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, 2012-ல், கொலம்பியா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் அந்த நுழைவுப் பரீட்சைகளையே பரிசோதித்துப் பார்த்தார்கள். கல்லூரியில் ஒருவன் எப்படிப் படிப்பான் என்பதை, சில மணி நேரத்துப் பரீட்சையைவிட, பள்ளிக்கூடத்தில் அவன் வருஷக்கணக்கில் வாங்கிய மார்க்குகளே நன்றாகக் காட்டின. மட்டப் பாடத்தில் உட்கார வைக்கப்பட்டவர்களில் எத்தனையோ பேர் நேரே மேல் பாடத்துக்குப் போயிருந்தாலும் தேறியிருப்பார்கள்.

மட்டப் பாடம் என்றால் லேசாக நினைத்துவிடக் கூடாது. கல்லூரிக் கணக்குக்குக் கீழே மூன்று படிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியையும் நாலில் மூன்று பேர் தாண்டுகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். நூறு பேர் புறப்பட்டால் முதல் படியைத் தாண்டுகிறவர் எழுபத்தைந்து; இரண்டாவதை ஐம்பத்தாறு; மூன்றாவதை நாற்பத்திரண்டு. கல்லூரிப் பாடத்தின் வாசலுக்கு வருவதற்குள் பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டார்கள்! கணக்கு வராத எனக்கே இந்தக் கணக்குப் புரிகிறது. 2017-ல் கலிபோர்னியா ஒரு சட்டம் செய்து, பள்ளிக்கூட மார்க்கைப் பார்த்தே மாணவர்களைச் சேர்க்க வேண்டும், ஒரு வருஷத்துக்குள் மேல் பாடத்தை முடிக்க வாய்ப்புள்ள இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது.

*

இனி, வழிகாட்டுவது எப்படி என்று யோசித்தவர்களைப் பற்றி. 1972-ல் டெர்ரி ஓ’பானியன் என்ற பேராசிரியர் ஐந்து படிகளை வகுத்துச் சொன்னார். வாழ்க்கையில் என்ன வேண்டும் என்று யோசிப்பது முதற்படி. அதற்கு எந்தத் தொழில் உதவும் என்று பார்ப்பது இரண்டாம் படி. அந்தத் தொழிலுக்கு எந்தப் படிப்பு என்பது மூன்றாவது. அந்தப் படிப்புக்கு எந்தெந்தப் பாடங்கள் என்பது நாலாவது. எந்தப் பாடத்தை எந்த நாளில் எத்தனை மணிக்குப் படிப்பது என்பது ஐந்தாவது.

இதைப் படித்ததும் எனக்கு ஜன்னலும் குமாஸ்தாவும் கண்முன் வந்தார்கள். முதல் மூன்று படிகளையும் தாண்டி, நாலாவதில் ஆரம்பித்து ஐந்தாவதில் முடித்துவிட்டார், அரை நிமிஷத்தில்! அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஓ’பானியன் அப்படி எழுதிய பிறகும் அமெரிக்காவில் எத்தனையோ கல்லூரிகளில் அதுதான் நடந்தது. 1960-களில் வாரத்துக்கு ஒரு கல்லூரி என்கிற வேகத்தில் திறந்துகொண்டே போனார்கள். மாணவர் தொகை லட்சங்களைத் தாண்டியது. ஓர் ஆலோசகருக்கு அறுநூறு மாணவர், ஆயிரத்தைந்நூறு மாணவர் என்று ஆயிற்று. அப்படியானால் ஒரு மாணவனுக்கு வருஷத்தில் எத்தனை நிமிஷம் கிடைக்கும்?

இன்னொரு சங்கடமும் இருந்தது. பாடங்கள் ஏராளம். 2015-ல் தாமஸ் பெய்லி, ஷானா ஜாகர்ஸ், டேவிஸ் ஜென்கின்ஸ் என்ற மூவர் எழுதிய புத்தகத்தில் இந்தக் கல்லூரிகளை, தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் போய் வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்கிற சாப்பாட்டுச் சாலைக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். பழக்கப்பட்டவனுக்கு அது சௌகரியம். புதிதாக வந்தவன் நாலு ஊறுகாயும் ஓர் அப்பளமும் எடுத்துக்கொண்டு, சோறு இல்லாமல் வந்து உட்காருவான். அதைவிட, இலை போட்டு, ஒரு முறையோடு பரிமாறினால் நல்லது. வேண்டாததை வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கட்சி. இன்ன தொழிலுக்கு இன்ன பாடங்கள், இன்ன வரிசையில் என்று ஒரு பாதையை முதலிலேயே போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள்.

வரிசையில் அவ்வளவு என்ன இருக்கிறது என்று தோன்றும். என் அக்காள் பெண்ணின் கணக்கையே பார்க்கலாம். இரண்டு வருஷப் பட்டத்துக்குப் பொதுவாக அறுபது யூனிட் வேண்டும். ஒரு பாடத்துக்குச் சாதாரணமாக மூன்று யூனிட். ஆக இருபது பாடங்கள். வீட்டையும் குழந்தையையும் கவனித்துக்கொண்டு அரை வருஷத்துக்கு இரண்டு பாடந்தான் படிக்க முடியும் என்றால், பத்து அரை வருஷங்கள். அதாவது ஐந்து வருஷம். இரண்டு வருஷப் படிப்பு என்று நம்பி வந்தவளுக்கு இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுக் காட்ட வேண்டுமா, வேண்டாமா? இதிலே ஒரு பாடத்தை முடித்தால்தான் அடுத்ததில் உட்கார முடியும் என்ற நிபந்தனைகள் வேறு. வருஷத்துக்கு ஒரு தடவையே நடக்கிற பாடத்தைத் தவறவிட்டால் ஒரு வருஷம் போச்சு. இங்கே படித்த பாடம் அங்கே செல்லுமா என்பது இன்னொரு வம்பு. செல்லாத காசைச் சேர்ப்பது போலச் செல்லாத பாடங்களைச் சேர்த்து, பணமும் உற்சாகமும் தீர்ந்து நின்றுபோனவர்கள் அநேகம் பேர். புத்தி குறைவால் நின்றவர்கள் அல்ல அவர்கள். வழி தெரியாமல் நின்றவர்கள். 2012-ல் கலிபோர்னியா செய்த ஒரு சட்டத்தில், புதிய மாணவர்கள் படிப்புத் திட்டம் ஒன்று எழுதிக்கொள்ள வேண்டும் என்று சேர்த்ததற்குக் காரணம் இதுதான்.

கையைப் பிடித்து அழைத்துப் போனால் எவ்வளவு பேர் போய்ச் சேருவார்கள் என்று நியூயார்க்கில் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அந்த நகரத்துச் சர்வகலாசாலை 2007-ல் ஒரு திட்டம் தொடங்கியது. முழு நேரமும் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்குப் பதிலாகக் குறைகிற சம்பளப் பணத்தைக் கல்லூரி ஏற்கும், புத்தகம் கிடைக்கும், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இலவச பாஸ் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறுபது முதல் எண்பது மாணவருக்கு ஓர் ஆலோசகர். அடிக்கடி அவரைப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல ஏழை மாணவர்களை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்குக்கு மட்டும் இந்த வசதியைக் கொடுத்தார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது வசதி பெறாதவர்களில் பட்டம் வாங்கியவர் நூற்றுக்கு இருபத்திரண்டு; பெற்றவர்களில் நாற்பது. ஓஹையோ ராஜ்யத்திலும் செய்து பார்த்தார்கள். அங்கேயும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. செலவு அதிகந்தான். ஆனால் நியூயார்க்கில் ஒரு பட்டதாரியை உண்டாக்க ஆன செலவைக் கணக்கிட்டால், குறைவாகவே ஆயிற்று.

இதில் ஆலோசகருக்கு எவ்வளவு பங்கு, பஸ் பாஸுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்குப் பிரிக்கவும் தோன்றவில்லை. பஸ் சார்ஜ் இல்லாதவனிடம் வாழ்க்கை லட்சியம் பேசி என்ன பிரயோஜனம்? லட்சியத்தைக் கேட்காமல் பஸ் பாஸ் கொடுத்தாலும் அவன் எங்கே போவான்?

நம் பக்கத்திலும் அந்தக் கல்லூரிகளைப் பார்த்து, 1995-ல் புதுச்சேரியிலும் 1996-ல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கினார்கள். படிப்பை விட்டுவிட்ட ஏழைப் பிள்ளைகளுக்குக் கைத்தொழிலோடு வாழ்க்கைக்கு வேண்டிய பாடமும் சொல்லிக்கொடுப்பது அவற்றின் நோக்கம். அங்கேயும் நல்ல ஆசிரியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க முடியும்.

*

நான் பாக்கி வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

“எதற்காகப் படிக்க வந்திருக்கிறீர்கள்?” என்று அந்த அம்மாள் கேட்டபோது என் அக்காள் பெண் என்ன பதில் சொன்னாள் தெரியுமா? “நர்ஸாக வேண்டும்” என்றாளாம். எங்கள் அம்மா, அதாவது அவள் பாட்டி, படுத்த படுக்கையாய் இருந்த ஏழு மாதமும், அந்தப் பதினாறு வயதுப் பெண்தான் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, புரட்டிப் படுக்க வைத்தாள். வீட்டில் எல்லாரும், “என்ன பொறுமை, என்ன பொறுமை!” என்று மெச்சினோம். மறு வருஷம் அவள் கல்லூரியில் சேர வேண்டியிருந்தது. அக்காள் மனுவை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, “நீதான் படித்தவன். பார்த்து எழுதடா” என்றாள். நான் பார்த்து எழுதினேன். எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது என்று விசாரித்து, ரசாயனம் என்று எழுதினேன். பெண் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேப்பமரத்தடியில் நின்ற அப்பாவுக்குக் கல்லூரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவுக்கு என்னைத் தெரியாது. எனக்கோ கல்லூரியும் தெரியும், அந்தப் பெண்ணையும் தெரியும். அப்படி இருந்தும் அரை நிமிஷத்துக்கு மேல் நான் எடுத்துக்கொள்ளவில்லை. டெலிபோனில் நான் எப்படிப் பதில் சொல்வேன்?

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அன்று எழுதிய படிப்புத் திட்டத்தைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனாள். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாளாம். முதலில் உடற்கூறு, பிறகு உடலியல், பிறகு கிருமிகளைப் பற்றிய பாடம். அவற்றை முடித்துவிட்டு மனுப் போட்டு, இடம் கிடைத்தால் இரண்டு வருஷம் நர்ஸ் படிப்பு. இங்கே படித்த ரசாயனம் செல்லுமா என்று எழுதிக் கேட்கப் போகிறார்களாம். குழந்தைக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தையும் ஓரத்தில் குறித்துக்கொண்டார்களாம்.

“அந்த அம்மாள் எல்லாவற்றையும் பென்சிலால்தான் எழுதினார்கள், மாமா. ‘நடுவில் மனசு மாறினால் வந்து சொல்லுங்கள், அழித்து எழுதிக்கொள்ளலாம்’ என்றார்கள்” என்றாள்.

நான் அவள் மனுவைப் பேனாவால் எழுதினேன்.

அடுத்த மாதம் எதிர்வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்துப் படிப்பை முடிக்கிறான். அவன் தகப்பனார் நேற்று மனுவும் கையுமாக என்னிடம் வந்தார். “நீங்கள் பார்த்து எழுதுங்கள், சார்” என்றார். பையனை அனுப்பி வையுங்கள், சாயங்காலம் காற்றாட நடந்துவிட்டு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன்.